திருச்செந்தூரில் தொடங்கி சங்கரன்கோவில் வரை: ஜெயலலிதாவை நம்ம சீமையிலிருந்து பார்த்தால்

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஜெயலலிதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போயஸ் தோட்டத்து வாசலில் நின்றுகொண்டுதான் எழுதுகிறார்கள். வேதா நிலையம், தோழி, வழக்கு, அப்போலோ. அதை விட்டால் சினிமா. நம்ம திருநெல்வேலிச் சீமையில் நின்று பார்த்தால் கொஞ்சம் வேறு ஆள் தெரிகிறார் என்பது என் எண்ணம்.

1982 ஜூனில் கட்சியில் சேர்ந்தார், கடலூர் மாநாட்டில் பேசினார். 1983 தொடக்கத்தில் எம்ஜிஆர் அவரைக் கொள்கை பரப்புச் செயலாளர் ஆக்கினார். அந்தப் பதவியோடு அவர் இறங்கிய முதல் தேர்தல் களம் எது தெரியுமா? திருச்செந்தூர் இடைத்தேர்தல். அப்போது திருச்செந்தூர் நம்ம மாவட்டம்தான், தூத்துக்குடி பிரிந்தது 1986-ல். அங்கே தொடங்கி 1995-ல் கொடியன்குளம், 2003-ல் கிடாவெட்டுத் தடை, 2012-ல் சங்கரன்கோவிலும் கூடங்குளமும் என்று அவருடைய முப்பது வருஷ அரசியலின் முக்கியமான திருப்பங்கள் இந்த ஆற்றுப் பாசனத்துக்கும் தேரிக்காட்டுக்கும் நடுவிலேயே கிடக்கின்றன.

என் வாதம் இதுதான்: அந்த அம்மாவுக்குத் துணிச்சல் இருந்தது, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தத் துணிச்சல் எப்போது வெளியே வர வேண்டும், எப்போது பெட்டிக்குள் போக வேண்டும் என்பதைத் தேர்தல் தேதிதான் தீர்மானித்தது. மறுப்பவர்கள் மறுக்கலாம். தனிப்பட்ட வாழ்க்கையை இழுக்க வேண்டாம், அதற்கு வேறு ஆயிரம் இழைகள் இருக்கின்றன.

உடன்குடிக் கருப்பட்டி

அண்ணாச்சி, திருச்செந்தூர் இடைத்தேர்தலைச் சொன்னதால் நானே முதலில் வருகிறேன். அந்தத் தேர்தல் என்ன சூழ்நிலையில் நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1980 கடைசியில் திருச்செந்தூர் கோவிலில் உண்டியல் சரிபார்ப்பு அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை இறந்துகிடந்தார். வைர வேல் காணாமல் போனது என்று ஒரே பேச்சு. நீதிபதி பால் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1982-ல் கருணாநிதி மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே வந்தார், 'நீதி கேட்டு நெடும்பயணம்' என்று. கால் கொப்பளித்த படமெல்லாம் பத்திரிகையில் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் அதே ஊரில் இடைத்தேர்தல் என்றால் எம்ஜிஆருக்கு அது எப்பேர்ப்பட்ட மானப் பிரச்சினை என்று பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் இந்த அம்மாவை இறக்கினார். எங்கள் முக்கில் வேன் வரும் என்று சொல்லிச் சாயங்காலத்திலிருந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பனைத் தொழில் பார்க்கிற வீட்டுப் பெண்கள். அவர்கள் பதநீர்ப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை, பானையை விட்டால் கூழ்ப்பதம் தப்பிவிடும். அன்றைக்கு வந்தார்கள். நடிகையைப் பார்க்கத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வேன் போன பிறகு பேசிக்கொண்டது படத்தைப் பற்றி அல்ல. "எழுதி வச்சுப் படிக்கலயே, மனசுல இருந்துல்லா பேசுதா" என்றுதான் எங்கள் அத்தை சொன்னாள்.

அதிமுக ஜெயித்தது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் அந்த நிலைமையில் ஜெயித்ததே பெரிது. மறு வருஷம் மாநிலங்களவைக்குப் போனார். திருச்செந்தூர் கைவிட்டிருந்தால் கட்சியில் மூத்தவர்கள் அவரை அப்போதே ஓரம்கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பேட்டைக்காரன்

கருப்பட்டி அண்ணாச்சி, வேல் விவகாரத்தில் பால் கமிஷன் அறிக்கை என்ன சொன்னது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அரசு அதை வெளியிடாமல் வைத்திருந்தது, கலைஞர்தான் வெளியிட்டார். அந்த மரணம் தற்கொலை இல்லை என்பது அறிக்கையின் சாரம். உங்கள் கதையில் அது மட்டும் காணாமல் போய்விட்டது, வேல் மாதிரியே.

நான் திமுக அனுதாபிதான், மறைக்கவில்லை. அந்த அம்மா மேல் எனக்கு ஒரே ஒரு மரியாதை உண்டு. 1987 டிசம்பரில் எம்ஜிஆர் இறந்தபோது ராஜாஜி மண்டபத்தில் தலைமாட்டில் மணிக்கணக்கில் நின்றாரே, பீரங்கி வண்டியில் ஏறியபோது தள்ளிவிட்டார்களே, அந்த மனுஷி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. 1989 தேர்தலில் சேவல் சின்னத்தில் தனியாக நின்று 27 இடம் வாங்கினார். இரட்டைப் புறாவில் நின்ற ஜானகி அம்மா ஆண்டிபட்டியிலேயே தோற்றார். அன்றைக்குக் கட்சி யாருடையது என்பது முடிவாகிவிட்டது. அதே வருஷம் மார்ச் 25-ம் தேதி சட்டசபையில் நடந்ததை இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தலை கலைந்து வெளியே வந்த அந்தப் படத்தை மட்டும் எங்கள் ஆட்களாலும் மறுக்க முடியாது.

மரியாதை அத்தோடு சரி. 91-96-ஐப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஓட்டப்பிடாரம் தெற்கு

நான் பேசுகிறேன்.

1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடு வீடாகப் புகுந்து டி.வி., தையல் மிஷின், பீரோ, நெல் மூட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார்கள். குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். கொஞ்சம் வசதியாக எழுந்து நின்ற தேவேந்திர மக்களின் ஊர் அது. வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள், படித்தவர்கள் இருந்தார்கள். அந்த வசதிதான் கண்ணை உறுத்தியது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 7, சென்னையில் வளர்ப்பு மகன் திருமணம். ஊரே பந்தல். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். பேப்பரில் ஒரு பக்கம் அந்தக் கல்யாணம், இன்னொரு பக்கம் எங்கள் பக்கத்து ஊர்க் கிணறு. அதைப் படித்தவனுக்குத் துணிச்சல், தாயுள்ளம் என்றெல்லாம் கேட்டால் ஒட்டாது.

அரசு நிவாரணப் பணத்தோடு வந்தது. ஊர்க்காரர்கள் வாங்க மறுத்தார்கள். கோமதிநாயகம் கமிஷன் வந்தது, போனது. அடுத்த வருஷத் தேர்தலில் டாக்டர் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்தில் ஜெயித்தார், அதுதான் எங்கள் பதில். தொடங்கியவர் சொன்ன 'தேர்தல் தேதி' கணக்குக்கு இது பொருந்தவில்லை என்பதையும் கவனியுங்கள். தேர்தலுக்கு எட்டு ஒன்பது மாதம்தான் இருந்தது. அப்படிக் கணக்குப் பார்க்கிறவராக இருந்திருந்தால் அன்றைக்கே பதறி ஓடி வந்திருக்க வேண்டும்.

தாமிரபரணிக்கரை

தம்பி ஓட்டப்பிடாரம், நீங்கள் சொல்வது என் கணக்கை இன்னும் கூர்மையாக்குகிறது. 1996-ல் வாங்கிய அடிக்குப் பிறகுதான் அந்தக் கணக்கே அவருக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 91-ல் ராஜீவ் மரணத்துக்குப் பிறகு வந்த அலையில் கூட்டணிக்கு 225 இடம். யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஐந்து வருஷம். 96-ல் பர்கூரில் அவரே தோற்றார், கட்சிக்கு மொத்தம் 4 இடம். அந்த நாலில் ஒன்று எது என்று சங்கரன்கோவில்காரர் யாராவது சொல்லட்டும்.

இன்னொன்று. அதே கிருஷ்ணசாமி 2011-ல் அதே ஓட்டப்பிடாரத்தில் அதிமுக கூட்டணியில் நின்றுதான் மறுபடி ஜெயித்தார். நம்ம பக்கத்து அரசியலை வெளியூர்க்காரனுக்கு விளக்குவது இதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஆடித்தபசு

சங்கரன்கோவில்தான், வேறு எது? 96-ல் தமிழ்நாடே அந்த அம்மாவைத் தூக்கி எறிந்தபோது எங்கள் ஊர் சி. கருப்பசாமியை ஜெயிக்க வைத்தது. 2001, 2006, 2011 எல்லாவற்றிலும் அவர்தான். சாதாரண ஆள், பந்தா கிடையாது. அமைச்சராக இருக்கும்போதே 2011-ல் இறந்துபோனார். அதனால்தான் 2012 மார்ச்சில் இடைத்தேர்தல்.

அந்தத் தேர்தலைப் பார்த்தவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். மந்திரிசபை மொத்தமும் எங்கள் ஊரில் இறங்கிவிட்டது. லாட்ஜில் அறை கிடையாது. தெருவுக்கு ஒரு மந்திரி என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றவர் யார் என்று, அவருடைய வண்டியில் விளக்கு சுற்றியபோதுதான் தெரிந்தது. அப்போது மின்வெட்டு எட்டு மணி நேரம் இருந்தது. நான் விசைத்தறிக்காரன், தறி பாதி நாள் தூங்கியது. அப்படி இருந்தும் முத்துசெல்வி 68 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற எல்லாருக்கும் டெபாசிட் போனது.

ஏன் ஜெயித்தார்? காசு என்று சொல்வீர்கள். காசு எல்லாக் கட்சியும்தான் கொடுத்தது. முத்துசெல்வி எங்கள் ஊர் நகராட்சித் தலைவி. தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்ட பெண்கள்தான் அவருக்கு ஓட்டும் போட்டார்கள். தனித் தொகுதியில், அமைச்சராக இருந்த ஆண் ஒருவரின் இடத்தில், உள்ளூர்ப் பெண்ணை நிறுத்த அந்த அம்மாவுக்குத் தோன்றியதே, அதையும் கொஞ்சம் எழுதுங்கள்.

கடலோரக் காற்று

தபசு அண்ணன், உங்கள் ஊரில் ஓட்டு விழுந்தது மார்ச் 18. மறுநாள் 19-ம் தேதி என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா?

நான் இடிந்தகரைப் பக்கம். முந்தைய வருஷம் செப்டம்பரில் லூர்து மாதா கோயில் பந்தலில் எங்கள் ஊர் ஆட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். செப்டம்பர் 22-ம் தேதி அமைச்சரவை தீர்மானம் போட்டது, மக்கள் பயம் தீருகிற வரைக்கும் கூடங்குளம் அணு உலை வேலையை நிறுத்தி வையுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டது. அன்றைக்கு எங்கள் ஊரில் அந்த அம்மா தெய்வம். ஒரு பொம்பளைக்குத்தான் பொம்பளை கஷ்டம் தெரியும் என்று பந்தலில் சொல்லாத ஆள் இல்லை. பந்தலில் பாதிப் பேர் மடியில் சுளகு, பீடி சுற்றிக்கொண்டேதான் போராட்டம். ஒரு நாள் சுற்றாவிட்டால் அந்த வாரக் கணக்கு இடிக்கும்.

மார்ச் 19. சங்கரன்கோவில் ஓட்டுப்பெட்டி பூட்டி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அதே அமைச்சரவை கூடியது. உலையைத் திறக்கலாம், வட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய்த் திட்டம். அன்றைக்கே ராதாபுரம் தாலுகாவில் 144. ரோட்டை மறித்தார்கள். பால் வரவில்லை, காய்கறி வரவில்லை. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது. செப்டம்பர் 10-ம் தேதி கடற்கரையில் கண்ணீர்ப்புகைக் குண்டு, தடியடி. தப்பிக்கக் கடலுக்குள் இறங்கினார்கள். மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் செத்தார். ஆயிரக்கணக்கான பேர் மேல் வழக்கு, அதில் தேசத்துரோகமும் சேர்த்தி.

2016 ஆகஸ்டில் முதல் உலையை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது மோடி, புதினோடு காணொளியில் அவரும் உட்கார்ந்திருந்தார். துணிச்சலா கணக்கா என்று கேட்டீர்களே. எங்கள் ஊரில் கேட்டால் ஒரே பதில்தான் வரும், இங்கே எழுதினால் நெறியாளர் நீக்கிவிடுவார்.

இருட்டுக்கடை வரிசை

நெறியாளர் நீக்க மாட்டார், அல்வா கொடுத்துவிடுவார்.

நெறியாளர்

இருட்டுக்கடை, இந்த இழையில் வேண்டாம். கடலோரக் காற்று அம்மா, நீங்கள் தாராளமாக எழுதுங்கள்.

ஆடித்தபசு

கடலோரத் தங்கச்சி, தேதியை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. அந்த வருஷம் எங்கள் தறி நின்ற நேரத்தில் கரண்ட் எங்கிருந்தாவது வராதா என்று நாங்கள் ஏங்கியதும் உண்மைதானே? உங்கள் பந்தலில் பீடி சுற்றிய மாதிரி எங்கள் வீட்டிலும் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முதலமைச்சர் நாற்காலியில் இருக்கிறவருக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். சொன்ன நாள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டு விழுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எடுத்த முடிவையே தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

கடலோரக் காற்று

அண்ணன், கரண்ட் வேண்டாம் என்று நாங்கள் எங்கே சொன்னோம். செப்டம்பரில் ஒரு தீர்மானம் போட்டு எங்களை நம்ப வைத்ததைத்தான் சொல்கிறேன். முதலிலேயே முடியாது என்றிருந்தால் அது ஒரு சண்டை. அதற்கு நாங்கள் ஆளாகியிருப்போம்.

சுடலைமாடன் தெரு

தொடங்கியவர் கிடாவெட்டுத் தடை என்று ஒரு வார்த்தையோடு தாண்டிவிட்டார். அதுதான் அய்யா முக்கியமான சாட்சி. அதை விட்டுவிட்டால் எப்படி?

2003 ஆகஸ்டில் உத்தரவு. கோவில்களில் ஆடு, கோழி பலி கூடாது, 1950-ல் போட்ட சட்டம் இருக்கிறது, அதைக் கறாராக நடத்துங்கள் என்று. சென்னையில் இருக்கிறவனுக்கு இது ஒரு செய்தி. நமக்கு? சுடலை, முண்டன், பேச்சி, இசக்கி என்று தெருவுக்குத் தெரு நிற்கிற சீமை இது. கோவில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, மேளம் எல்லாம் சேர்ந்து கடைசியில் நடுச்சாமத்தில் மாடனுக்குக் கிடா. அதில்லாமல் கொடை முடிந்ததாகவே கணக்கில்லை. எங்கள் தெருக் கொடைக்குப் போலீஸ் வந்து உட்கார்ந்திருந்தது. பூசணிக்காயை வெட்டினோம். சாமியாடி பூசணிக்காயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருநீற்றுக் கொப்பரையை வைத்துவிட்டுப் போய்விட்டார். வேட்டைக்கு எழும்பவே இல்லை. எங்கள் பெரியாத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை, மாடன் என்ன செய்வானோ என்று.

அப்புறம் என்ன? 2004 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தல் வாசலுக்கு வந்ததும், அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஜீவகாருண்யம், ஆறு மாதம் கழித்து மாடன் தன் கிடாவைச் சாப்பிட்டுக்கொள்ளலாம். தொடங்கியவர் சொன்ன தேர்தல் தேதிக் கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாளை மேட்டுத்திடல்

மதமாற்றத் தடைச் சட்டமும் அதே கதைதான். 2002 அக்டோபரில் அவசரச் சட்டம். பாளையங்கோட்டையில் இருக்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையும் ஒரே மேடையில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். 2004 மே மாதம் 39 தொகுதியிலும் கூட்டணி தோற்றது. முடிவு வந்த சூட்டோடு அந்தச் சட்டமும் போனது. விவசாயிகளின் இலவச மின்சாரம் திரும்பி வந்தது, அரசு ஊழியர் மேல் எடுத்த நடவடிக்கைகள் தளர்ந்தன. 2003-ல் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரே வீச்சில் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிய அரசு அது. இந்தியாவில் எந்த முதலமைச்சரும் அப்படிச் செய்யத் துணிந்ததில்லை. துணிச்சல் என்பதற்கு அதுவும் ஒரு உதாரணம்தான், அதனால்தான் எனக்கு அந்தச் சொல் மேலேயே சந்தேகம்.

ஆனால் தோல்வியை வாசிக்கத் தெரிந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கள் சொன்னதைக் கேட்டு ஒரே வாரத்தில் தன் சொந்த ஆணைகளையே கிழித்துப் போடுவதற்கும் ஒரு மனசு வேண்டும். பலருக்கு அந்த மனசு வராது, தோற்றால் மக்களைத்தான் திட்டுவார்கள்.

களக்காட்டு மருமகள்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதியதில் பெரும்பாலும் ஆண்கள். கடலோரக் காற்று ஒருத்திதான் பெண் என்று நினைக்கிறேன். அதனால் என் பங்குக்கு.

நான் வாழைத்தோப்பு வேலைக்குப் போகிற குடும்பத்தில் வாக்கப்பட்டவள். 2011-க்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவை: மிக்சி, கிரைண்டர், ஃபேன். நாத்தனார் கல்யாணத்துக்குத் தாலிக்கு 4 கிராம் தங்கம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு வெள்ளாடு. கொழுந்தன் மகனுக்கு மடிக்கணினி. நான் பள்ளிக்கூடம் போனதே அவர் ஆட்சியில் கொடுத்த சைக்கிளில்தான். முதலில் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் வந்தது. இலவசம் என்று ஏளனமாகச் சொல்வீர்கள். எங்கள் மாமியார் அம்மியில் அரைத்த கையைப் பார்த்திருந்தால் சொல்ல மாட்டீர்கள். விரல் நுனியில் ரேகையே கிடையாது, ஆதார் எடுக்கும்போது மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த அரசாங்க மிக்சியின் ஜார் மூடி உடைந்து, இன்றைக்கும் தட்டை வைத்து அழுத்திக்கொண்டுதான் ஓட்டுகிறோம். ஓடுகிறது.

அதே கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2003 நவம்பரில் சாராயக் கடையை அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்தது யார்? மிக்சி ஒரு கையில் வந்தது, கூலி இன்னொரு கையில் போனது. 2016-ல் மறுபடி ஜெயித்ததும் 500 கடையை மூடினார், திறக்கிற நேரத்தை மதியம் 12 மணிக்கு மாற்றினார். அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குப் பெரிய விஷயம். காலையில் வேலைக்குப் போகிற ஆம்பளை போகிற வழியிலேயே உட்கார மாட்டான் இல்லையா.

மகளிர் காவல் நிலையம் 1992-ல் அவர் கொண்டுவந்தது. போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒருத்தி அடி தாங்காமல் போனாள். "புருஷன்னா கோவம் இருக்கும்தானே, அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னதும் பெண் அதிகாரிதான். ஆனாலும் அவள் புருஷன் பிறகு கை ஓங்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் அரை நாள் உட்கார வைத்ததே போதுமாக இருந்தது போல.

அப்புறம் எல்லாரும் கேலி செய்கிற விஷயம், காலில் விழுவது. அது அசிங்கம்தான். ஆனால் வீட்டில் பொம்பளையைத் தம்ளர் தண்ணீருக்கு விரட்டுகிற பெரிய மனிதர்கள் வெள்ளை வேட்டியோடு ஹெலிகாப்டரைப் பார்த்துக் குனிந்து நிற்பதை டி.வி.யில் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை யாரும் அரசியல் கட்டுரையில் எழுதுவதில்லை.

பேட்டைக்காரன்

மருமகள் தங்கச்சி எழுதியதில் கடைசிப் பத்திக்கு மறுப்பே இல்லை.

ஆனால் கேள்வி இதுதான். இவ்வளவு பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், அந்த அம்மா தனக்குக் கீழே எத்தனை பெண் தலைவர்களை வளர விட்டார்? நம்ம ஊரிலேயே பாருங்கள். நெல்லை மாநகராட்சியின் முதல் மேயர் பெண், உமா மகேஸ்வரி, 1996, திமுக. பாவம், 2019-ல் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொன்றார்கள், கணவரையும் வேலைக்கு வந்த பெண்ணையும் சேர்த்து. அதை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. 2011-ல் அதிமுக சார்பில் நெல்லைக்கு விஜிலா சத்யானந்த், தூத்துக்குடிக்கு சசிகலா புஷ்பா, இரண்டு பேரும் மேயர். 2014-ல் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மாநிலங்களவைக்கு அனுப்பினார். நல்லது, பெருமைதான். 2016-ல் என்ன ஆனது? சசிகலா புஷ்பா மாநிலங்களவையில் எழுந்து அழுதுகொண்டே பேசினார், அன்றைக்கே கட்சியை விட்டு நீக்கம். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஏற்றிவிட்டதும் ஒரு அறிக்கை, இறக்கிவிட்டதும் ஒரு அறிக்கை. நடுவில் அந்தப் பெண்ணுக்கென்று ஊரில் ஒரு வேர் பிடிக்க இடம் இருந்ததா?

தாமிரபரணிக்கரை

பேட்டை அண்ணாச்சி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஆண்களையும் அவர் அப்படித்தான் நடத்தினார். மந்திரி என்று தூங்கப் போனவர் முன்னாள் மந்திரியாக எழுந்த காலம் அது. 2001-ல் டான்சி வழக்கால் பதவி போனபோதும், 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரு தீர்ப்பு வந்து நாலு வருஷ சிறை, 100 கோடி அபராதம் என்று ஆனபோதும், நாற்காலியில் உட்கார வைத்தது ஓ. பன்னீர்செல்வத்தை. இரண்டு தடவையும் ஒரு பெண்ணை யோசித்த மாதிரித் தெரியவில்லை. சொத்துக்குவிப்பு வழக்கின் கதையை இங்கே விரிக்க வேண்டாம். 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பை நிலைநிறுத்தியபோது அவர் உயிரோடு இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு தென்மாவட்டச் சாட்சியும் மனதில் வருகிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டுக்கு 1994-ல் அடிக்கல் நாட்டியவர் அவர். 2013 மார்ச்சில் வாயுக்கசிவுக்குப் பிறகு ஆலையை மூட உத்தரவு போனதும் அவருடைய ஆட்சியில்தான். அந்த வருஷம் தேர்தல் ஒன்றும் இல்லை. என் கணக்குக்கு இடிக்கிற இடம் இது. எழுதி வைக்கிறேன், யாராவது காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டப்பிடாரம் தெற்கு

காரணம் என்ன பெரிய காரணம். தூத்துக்குடி டவுனே கண் எரிந்து, தொண்டை எரிந்து நின்றது. ஏழை மட்டும் என்றால் காத்திருக்கலாம், டவுனே என்றால் முடியாது. மறு வருஷம் நாடாளுமன்றத் தேர்தல் இருந்ததையும் மறக்க வேண்டாம். 39-ல் 37 வாங்கினார் இல்லையா?

உடன்குடிக் கருப்பட்டி

2016 டிசம்பர் 5 ராத்திரியை யாருமே எழுதவில்லை. அன்று சாயங்காலமே ஒரு தடவை செய்தி வந்து, பிறகு இல்லை என்றார்கள். நான் வேலையாக நெல்லைக்கு வந்தவன், வண்ணாரப்பேட்டையில் மாட்டிக்கொண்டேன். கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு டி.வி.யைப் பார்த்தபடி நின்றார்கள். பஸ் எல்லாம் டெப்போவுக்குத் திரும்புகிறது. ஒரு ஹோட்டலில் மாவு அவ்வளவும் வீணாகிவிடும் என்று முதலாளி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தோசை போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கலவரம் வரும் என்று பயந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆச்சரியம் அதுதான். எம்ஜிஆர் போனபோது நடந்ததைப் பார்த்தவன் நான்.

களக்காட்டு மருமகள்

பேட்டை அண்ணன் வேர் பிடிப்பதைப் பற்றிக் கேட்டார். 2016 பிப்ரவரியில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்று சட்டம் போட்டதும் அவர்தான். அந்தச் சட்டப்படி நடந்த தேர்தலைப் பார்க்க அவர் இல்லை. நம்ம கிராமப் பஞ்சாயத்துக்கு 2021 அக்டோபரில், மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். நெல்லை மாநகராட்சி வார்டுகளில் பாதிக்குப் பாதி பெண்கள். மேயர் நாற்காலியில் ஆண்தான் உட்கார்ந்தார், அது தனி.

எங்கள் பஞ்சாயத்தில் தலைவி ஒரு பெண். போஸ்டரில் அவர் படம் சின்னதாக, வீட்டுக்காரர் படம் பெரிதாக. கூட்டத்துக்கும் வீட்டுக்காரர்தான் வருவார், கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீட்டுக்குப் போகும். போன வருஷம் குளத்து மடைப் பிரச்சினையில் வாழைக்காரர்களுக்கும் நெல்லுக்காரர்களுக்கும் சண்டை முற்றியது. வீட்டுக்காரர் வெளியூரில். தலைவி அம்மாவே வந்து மடையின் மேல் நின்று, தெற்கு மடைக்கு இரண்டு நாள், வடக்குக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு அவரேதான் வருகிறார்.

பேட்டைக்காரன்

எந்தக் கட்சி, தங்கச்சி?

களக்காட்டு மருமகள்

பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது அண்ணன். பூட்டு சாவி.